வந்து சேர்ந்த நேரம்: வால்டர் மங்க் என்ற அலைக் கணக்கர்

காற்றே இல்லாத ஒரு கடற்கரையை நினைத்துக்கொள்ளுங்கள். கடல் எண்ணெய் ஊற்றியதுபோல வழவழவென்று கிடக்கிறது. ஆனாலும் நீண்ட இடைவெளி விட்டு ஒவ்வொரு அலையாக வந்து கரையில் உடைகிறது. கடிகாரத்தைப் பார்த்து எண்ணினால் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் நடுவே 20 விநாடி. இரண்டு நாள் கழித்து அதே இடத்தில் நின்று எண்ணினால் 16 விநாடி. இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு, அலையைக் கிளப்பிய புயல் எவ்வளவு தொலைவில், என்றைக்கு அடித்தது என்று சொல்ல முடியுமா?

முடியும். ஆழ்கடலில் ஓர் அலைக்கூட்டம் எவ்வளவு வேகமாக நகரும் என்பது அதன் அலைக்காலத்தை, அதாவது முகட்டுக்கு முகடு உள்ள நேரத்தைப் பொறுத்தது. 20 விநாடி அலைகள் மணிக்குச் சுமார் 56 கிலோமீட்டர் போகும். 16 விநாடி அலைகள் 45 போகும். இரண்டும் ஒரே புயலில் ஒரே நாளில் கிளம்பியவை என்றால் பயண நேரம் நான்குக்கு ஐந்து என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். இங்கே வித்தியாசம் இரண்டு நாள். அப்படியானால் முதலில் வந்தது 8 நாள் பயணம், பின்னால் வந்தது 10 நாள் பயணம். எட்டு நாளை 24 மணியாலும் 56 கிலோமீட்டராலும் பெருக்கினால் 10,800 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வருகிறது. புயல் அடித்த இடம் அவ்வளவு தூரத்தில். பழைய ரசீதின் பின்பக்கத்தில் போட்டுவிடக்கூடிய கணக்குதான்.

இந்தக் கணக்கை நிஜக் கடலில், நிஜக் கருவிகளை வைத்து, பாதி உலகம் தாண்டிப் போட்டுக் காட்டியவர் வால்டர் மங்க். 1917இல் வியன்னாவில் பிறந்து, 2019இல் 101 வயதில் கலிபோர்னியாவின் லா ஹோயாவில் இறந்தார். எண்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவான ஆராய்ச்சி வாழ்க்கை. அதை முழுக்க எழுதப் புகுந்தால் முடியாது. நீரோட்டம், பூமியின் சுழற்சி, ஓதம், கடலுக்குள்ளே ஓடும் உள் அலைகள் என்று அவர் கை வைக்காத இடம் குறைவு. இந்த ஆய்வுக்கு மூன்று நிகழ்வுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: 1942, 1963, 1991. மூன்றிலும் அவர் செய்தது ஒரே வேலை என்பது என் கணிப்பு. தூரத்திலிருந்து ஒன்று வருகிறது. அது எப்போது வந்து சேர்கிறது என்பதை வைத்து, வழியில் என்ன நடந்தது என்று படிப்பது.

வங்கியிலிருந்து கடலுக்கு

மங்க்கின் தாத்தா வங்கியாளர். பேரனும் அதே வழியில் போகட்டும் என்று வீட்டில் நினைத்து, 1932இல் பதினான்கு வயசுப் பையனை நியூயார்க் மாநிலத்தில் ஒரு விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அப்புறம் நியூயார்க்கில் ஒரு வங்கி வேலை. அந்த வேலை அவருக்குத் துளியும் பிடிக்கவில்லை. 1937இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கார் ஓட்டிக்கொண்டு கலிபோர்னியா போனார். அங்கே கால்டெக் என்ற கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்தில் படித்து 1939இல் இயற்பியலில் பட்டம் வாங்கினார்.

கடலுக்கு வந்த கதையில் உன்னத நோக்கம் எதுவும் கிடையாது. அந்தக் கோடையில் அவர் விரும்பிய பெண் லா ஹோயாவில் இருந்தார். அங்கே வேலை செய்யக்கூடிய இடம் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிலையம். அதனால் அங்கே ஒரு கோடைக்கால வேலை கேட்டு வாங்கிக்கொண்டார். பெண் போய்விட்டார், கடல் நின்றுவிட்டது. நிலையத்தின் இயக்குநர் ஹரால்ட் ஸ்வெர்ட்ரூப், நார்வேக்காரர், வடதுருவப் பயணங்களில் அடிபட்ட ஆள். முனைவர் பட்டத்துக்குச் சேர வேண்டும் என்று மங்க் போய் நின்றபோது, அடுத்த பத்து வருடத்துக்குக் கடலியலில் ஒரு வேலைகூடக் காலியாகும் என்று தனக்குத் தோன்றவில்லை என்று ஸ்வெர்ட்ரூப் முகத்துக்கு நேரே சொன்னார். பரவாயில்லை, சேர்கிறேன் என்றார் மங்க்.

ஸ்வெர்ட்ரூப் பொய் சொல்லவில்லை. அன்றைய நிலைமை அதுதான். அதை மாற்றியது போர்.

1942: எவ்வளவு உயரம், யார் கண்ணுக்கு?

1938இல் ஆஸ்திரியாவை ஜெர்மனி விழுங்கியபின் மங்க் அமெரிக்கக் குடியுரிமை வாங்கி ராணுவத்தில் சேர்ந்தார். சில காலம் கழித்து கடற்படை ஆராய்ச்சிக்கு இழுக்கப்பட்டார். 1942இல் வாஷிங்டனில் இருந்தபோது, வட ஆப்பிரிக்காவின் அட்லாண்டிக் கரையில் படைகளை இறக்கப் போகிறார்கள் என்பது தெரியவந்தது. கரோலினா கரையில் அதற்கு ஒத்திகை நடந்தது. முன்பக்கக் கதவு திறக்கும் தட்டையான இறங்கு படகுகள் அவை. அலை ஓரளவுக்கு மேல் உயர்ந்தால் படகு குறுக்கே திரும்பி, தண்ணீர் புகுந்து கவிழும். ஒத்திகையில் அப்படி ஆனால் அன்றைக்கு நிறுத்திவிட்டு மறுநாள் வருவார்கள்.

மங்க் வட ஆப்பிரிக்கக் கரையின் குளிர்கால அலைப் பதிவுகளைத் தேடிப் பார்த்தார். ஒத்திகையை நிறுத்த வைத்த வரம்பை அங்கே அலைகள் பெரும்பாலான நாட்களில் தாண்டிக்கொண்டிருந்தன. மேலதிகாரியிடம் சொன்னார். இதையெல்லாம் யோசிக்காமலா இருப்பார்கள் என்று பதில் வந்தது. இருபத்தைந்து வயதைத் தொடாத ஒருவருக்கு அதோடு வாயை மூடிக்கொள்வது சுலபம். அவர் ஸ்வெர்ட்ரூப்பைக் கூப்பிட்டார்.

இருவரும் சேர்ந்து உருவாக்கிய முறை மூன்று படிகள் கொண்டது. முதலில், புயலுக்குள் அலை எவ்வளவு வளரும்: காற்றின் வேகம், எத்தனை மணி நேரம் வீசியது, எவ்வளவு நீளமான நீர்ப்பரப்பின் மேல் வீசியது. அடுத்து, புயலை விட்டு வெளியேறிய அலை தூரம் கடக்கும்போது என்ன ஆகும். கடைசியில், ஆழம் குறைந்த கரையில் அது எப்படி எழும்பி உடையும். காற்று எப்படி அலையை வளர்க்கிறது என்ற அடிப்படை இயற்பியல் அப்போது யாருக்கும் சரியாகப் புரியவில்லை. அதற்கான நல்ல கோட்பாடுகள் 1957இல்தான் வந்தன. ஆகவே இவர்கள் கிடைத்த அளவீடுகளை வரைபடத்தில் குத்தி, அவற்றின் ஊடே கோடு இழுத்தார்கள். கறாரான ஆள் இதை இயற்பியல் என்று ஒத்துக்கொள்ள மாட்டார். ஆனால் படகில் இருப்பவனுக்கு அடுத்த வாரத்துக்குள் பதில் வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. கடலில் ஒரே நேரத்தில் சின்னதும் பெரியதுமாக நூற்றுக்கணக்கான அலைகள் ஓடும்போது, ‘அலை உயரம்’ என்று எதைச் சொல்வது? சராசரியா? படகோட்டிகளிடம் இன்றைக்கு அலை எவ்வளவு என்று கேட்டால் அவர்கள் சொல்லும் எண் கருவி தரும் சராசரியைவிட எப்போதும் பெரிதாக இருந்தது. சின்ன அலையைப் படகில் நிற்பவன் கணக்கிலேயே எடுப்பதில்லை. தன்னைத் தூக்கிப்போட்டதைத்தான் நினைவில் வைத்திருக்கிறான். மங்க் படகோட்டிகளைத் திருத்தப் போகவில்லை. அவர்கள் சொல்லும் எண் எந்தக் கணக்கோடு பொருந்துகிறது என்று பார்த்தார். அலைகளை உயரப்படி வரிசைப்படுத்தி, மேலே உள்ள மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்துச் சராசரி போட்டால் பொருந்தியது. ‘குறிப்பிடத்தக்க அலை உயரம்’ என்று இன்றைக்கு உலகம் முழுக்கக் கடல் வானிலை அறிக்கைகளில் வருவது அதுதான். மொத்தச் சராசரியைப் போல அது ஏறத்தாழ 1.6 மடங்கு. அறிக்கையில் 3 மீட்டர் என்று இருந்தால், நீண்ட நேரம் கடலில் இருப்பவர் இடையிடையே ஐந்தரை, ஆறு மீட்டர் அலையையும் பார்க்க நேரும் என்று அர்த்தம். இதைப் பல பேர் கவனிப்பதில்லை.

ஸ்வெர்ட்ரூப்பும் மங்க்கும் ராணுவ வானிலை அதிகாரிகளுக்கு ஸ்கிரிப்ஸில் வகுப்பெடுத்தார்கள். அங்கே படித்துப் போனவர்கள் பசிபிக் தீவுகளிலும், 1944 ஜூனில் நார்மண்டியிலும் அலைக்கணிப்பு செய்தார்கள். இதில் ஒரு கேலிக்கூத்தும் உண்டு. ஜெர்மனி பிடித்து வைத்திருந்த நார்வேயில் ஸ்வெர்ட்ரூப்புக்கு உறவினர்கள் இருந்ததால், சில ரகசிய வேலைகளில் அவரைச் சேர்க்கவே தயங்கினார்கள்.

போர் முடிந்து 1947இல் மங்க் முனைவர் பட்டம் வாங்கினார். ஆய்வேட்டை மூன்று வாரத்தில் எழுதினார். ஸ்கிரிப்ஸ் வரலாற்றிலேயே மிகச் சிறிய ஆய்வேடு அது என்று சொல்லப்படுகிறது. தலைப்பு, நெடுந்தூரம் போகும் அலைகளின் அலைக்காலம் கூடுவது பற்றி. அதன் முக்கிய முடிவு தவறு என்று பிற்பாடு அவரே கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததைச் சிரித்துக்கொண்டே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டும் இருந்தார். ஆனால் கேள்வி சரியான கேள்வி. தூரம் போகும் அலைக்கு என்ன ஆகிறது? பதினாறு வருடம் கழித்து அதற்கே திரும்பி வந்தார்.

இடையில்

வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பெருங்கடலின் மாபெரும் சுழல் நீரோட்டங்களைக் காற்று எப்படி ஓட்டுகிறது என்பதற்கு 1950இல் கோட்பாடு. பூமியின் சுழற்சி பற்றி கார்டன் மெக்டொனால்டுடன் 1960இல் ஒரு பெரிய நூல். பூமியின் மேலோட்டைக் கடலடியில் துளைத்து உள்ளே பார்க்கலாம் என்ற மோஹோல் திட்டத்தின் யோசனை. 1961இல் முதற்கட்டத் துளையிடல் நன்றாக நடந்தது, பிறகு செலவு எகிறி, நிர்வாகம் கெட்டு, 1966இல் நிறுத்தப்பட்டது. சார்லஸ் காக்ஸுடன் சேர்ந்து, கடலில் சூரியன் மினுங்குவதை விமானத்திலிருந்து படமெடுத்து, மினுங்கும் பரப்பின் அகலத்தை வைத்தே அலைகளின் சரிவையும் காற்றின் வேகத்தையும் சொன்னார். செயற்கைக்கோள்கள் கடற்காற்றை அளக்கத் தொடங்கியபோது 1954இல் வந்த அந்தக் கட்டுரைதான் கைகொடுத்தது.

1952இல் பசிபிக்கின் எனிவெடாக் பவளத்தீவில் முதல் ஹைட்ரஜன் குண்டு வெடித்தபோது, பேரலை எழுந்தால் எச்சரிக்கை கொடுப்பதற்காக ஒரு சின்னத் தெப்பத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் மங்க்கும் ஒருவர். இதை ஒரு சாகசமாகச் சொல்லிவிட்டு நகர்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அவருடைய ஆராய்ச்சிக்குப் பெரும்பகுதிப் பணம் அமெரிக்கக் கடற்படையிலிருந்து வந்தது. நீர்மூழ்கிகள் ஒளியும் கடலைப் புரிந்துகொள்வது கடற்படைக்குத் தேவை; கடலைப் புரிந்துகொள்வது மங்க்குக்குத் தேவை. அந்த ஏற்பாட்டில் அவர் சங்கடப்பட்டதாகத் தெரியவில்லை. தப்பா சரியா என்பது வேறு விவாதம். ஆனால் அந்தப் பணம் இல்லாமல் அடுத்த நிகழ்வு நடந்திருக்காது.

1963: ஒரு பெருவட்டத்தின் மேல் ஆறு இடங்கள்

தூரத்துப் புயலை அலையிலிருந்து படிப்பதை முதலில் செய்தவர் மங்க் இல்லை. பிரிட்டனில் நார்மன் பார்பரும் ஃபிரிட்ஸ் உர்செல்லும் கார்ன்வால் கரையில் வந்து சேர்ந்த அலைகளை நிறமாலையாகப் பிரித்து, தென் அட்லாண்டிக் வரை தடம் பிடித்து 1948இல் வெளியிட்டார்கள். நிறமாலை என்றால் இங்கே வேறொன்றுமில்லை: கலந்து கிடக்கும் அலைகளை அலைக்காலப்படி பிரித்து, எந்தக் காலத்து அலையில் எவ்வளவு ஆற்றல் என்று போடும் பட்டியல். இதை எண்களிலிருந்து ஒழுங்காகக் கணக்கிடும் முறையை மங்க் கணிதவியலாளர் ஜான் டூக்கியிடமிருந்து எடுத்துக்கொண்டார்.

1950களின் நடுவில் மங்க்கும் கருவி வல்லுநர் ஃபிராங்க் ஸ்நாட்கிராஸும் மெக்சிகோவின் குவாதலூப் தீவருகே கடலடியில் ஓர் அழுத்த உணரியை வைத்தார்கள். மேலே அலை போகும்போது கீழே அழுத்தம் துளி மாறும். சின்ன அலைகளின் பாதிப்பு ஆழத்துக்கு எட்டாது, நீளமானவை மட்டும் எட்டும்; கடலே வடிகட்டியாக வேலை செய்கிறது. கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளமும் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கே உயரமும் உள்ள அலையைக்கூட அவர்களால் பிடிக்க முடிந்தது. கண்ணால் பார்க்கவே முடியாத அலை அது. நாளுக்கு நாள் அதன் அலைக்காலம் குறைந்துகொண்டே வந்தது, முதல் பத்தியில் பார்த்தோமே, அதேபோல. அந்தக் குறைவின் வேகத்தை வைத்துத் தூரம் போட்டார்கள்.

சில நாட்களில் வந்த தூரம் நம்பும்படியாக இல்லை. தெற்கே அவ்வளவு தூரம் போனால் பசிபிக் முடிந்து அண்டார்டிக்கா வந்துவிடும். கணக்கு தப்பா? ஓர் உலக உருண்டையை எடுத்து நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். கலிபோர்னியாப் பக்கத்திலிருந்து தென்மேற்காக இழுத்தால், நூல் நியூசிலாந்துக்கும் அண்டார்டிக்காவுக்கும் இடையே உள்ள வாசல் வழியாக நுழைந்து இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிக்குப் போகும். அலைகள் அங்கிருந்து வந்தன. 1959இல் சான் கிளமெண்டே தீவருகே மூன்று உணரிகளை முக்கோணமாக வைத்துத் திசையையும் அளந்தார்கள். அதுவும் ஒத்துப்போனது.

சரி, புயல் எங்கே என்று தெரிந்துவிட்டது. பாதி உலகம் கடக்கும்போது அலை எவ்வளவு இழக்கிறது? இதற்கு ஒரே அலையை வழியில் பல இடத்தில் பிடிக்க வேண்டும். 1963இல் அதைத்தான் செய்தார்கள். நியூசிலாந்தின் பாலிசர் முனை, சமோவாவின் துதுயிலா, பால்மைரா பவளத்தீவு, ஹவாய், கடைசியில் அலாஸ்காவின் யாகுடாட். ஏறக்குறைய ஒரே பெருவட்டத்தின் மேல், அதாவது உலக உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்தால் விழும் ஒரே கோட்டின் மேல், கிடக்கும் ஊர்கள். ஹவாய்க்கும் அலாஸ்காவுக்கும் நடுவே தீவே கிடையாது. அங்கே ஃபிளிப் என்ற விசித்திரக் கப்பலை நிறுத்தினார்கள். நூறு மீட்டருக்கு மேல் நீளமான குழாய் போன்ற உடல். இழுத்துக்கொண்டு போய், பின்பக்கத் தொட்டிகளில் தண்ணீர் நிரப்பினால் செங்குத்தாக எழுந்து நிற்கும். உள்ளே இருப்பவர்களுக்குச் சுவர் தரையாகிவிடும். உடலின் பெரும்பகுதி நீருக்கடியில் போய்விடுவதால் அலையில் அசையாது.

மங்க் தன் மனைவி ஜூடித்தையும் பெண் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு சமோவாவில் குடியிருந்தார். இரண்டு மாதத்துக்கும் மேல் பதிவுகள் ஓடின. ஒரு புயலின் அலைகள் நியூசிலாந்தைக் கடந்து, சில நாளில் சமோவாவுக்கு, பிறகு பால்மைரா, ஹவாய் என்று வரிசையாக ‘கையெழுத்து’ போட்டுக்கொண்டே போய் அலாஸ்காவில் முடிந்தன.

எல்லோரும் எதிர்பார்த்தது, நிலநடுக்கோட்டுப் பக்கம் வணிகக் காற்று கிளப்பிய கரடுமுரடான கடலுக்குள் புகும்போது இந்த அலைகள் அடிபட்டுச் சிதறிவிடும் என்று. சிதறவில்லை. புயலை ஒட்டிய பகுதியில்தான் அலைகள் ஒன்றோடொன்று ஆற்றலைப் பரிமாறி இழந்தன. அதைத் தாண்டியபின் நீண்ட அலைகள் ஏறக்குறைய நஷ்டமே இல்லாமல் பசிபிக்கைக் கடந்தன. ஏன் அப்படி என்பதற்கு விளக்கம் கொடுத்தவர் குழுவில் இருந்த இளைஞர் கிளாவுஸ் ஹாசெல்மான். அலைகளுக்கிடையே ஆற்றல் கைமாறும் கோட்பாட்டை அவர் அப்போதே எழுதியிருந்தார். 2021இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர் அவர்தான், காலநிலை ஆய்வுக்காக.

1966இல் ஸ்நாட்கிராஸின் பெயரை முதலில் போட்டு முழு அறிக்கை வெளிவந்தது. கருவி செய்தவன் பெயர் முதலில் நிற்பது எல்லா இடத்திலும் நடப்பதில்லை. இன்றைக்கு அலைச்சறுக்கு ஆட்கள் ஒரு வாரம் முன்னதாகவே எந்தக் கரைக்கு எந்த நாள் அலை வரும் என்று பார்த்துக்கொண்டு பலகையோடு கிளம்புவது இந்த வேலையின் பேரன், கொள்ளுப்பேரன். 2007இல் அலைச்சறுக்கு ஆர்வலர்களின் ஓர் அமைப்பு மங்க்குக்கு விருது கொடுத்தது. கியோட்டோ பரிசும் கிராஃபோர்ட் பரிசும் வாங்கியவர், இதையும் ஆசையாக வாங்கிக்கொண்டார்.

1991: அலைக்குப் பதில் ஒலி

1970களின் கடைசியில் மங்க்கும் கடலியலாளர் கார்ல் வுன்ஷும் ஒரு யோசனை சொன்னார்கள். கடலுக்குள் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். தண்ணீர் ஒரு பாகை சூடேறினால் இந்த வேகம் 4 மீட்டருக்குச் சற்று மேல் கூடும். ஓரிடத்தில் ஒலி எழுப்பி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி அது வந்து சேரும் நேரத்தை அளந்தால், வழியில் உள்ள மொத்தக் கடலின் சராசரிச் சூடு தெரிந்துவிடும். மறுபடியும் பாருங்கள், வந்து சேரும் நேரம்.

1991 ஜனவரியில் இதைச் சோதிக்க அவர் தேர்ந்தெடுத்த இடம் தென் இந்தியப் பெருங்கடலில் ஹேர்ட் தீவு. அங்கிருந்து அட்லாண்டிக், பசிபிக் இரண்டுக்கும் நேர்வழி உண்டு. ஒலியின் அதிர்வெண் 57 ஹெர்ட்ஸ்; மின்சாரத்தின் அதிர்வெண்களான 50க்கும் 60க்கும் நடுவே, மின்கருவிகளின் இரைச்சலில் மாட்டாத எண். திட்டமிட்ட தொடக்கத்துக்கு முந்தைய நாள் கருவி வேலை செய்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் ஓட்டினார்கள். அந்தச் சோதனை ஒலியே பெர்முடாவிலும், அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் உள்ள விட்பி தீவிலும் கேட்டுவிட்டது. கேட்குமா கேட்காதா என்ற முக்கியமான கேள்விக்குப் பரிசோதனை தொடங்கும் முன்பே விடை.

அடுத்த கட்டம் இவ்வளவு சுகமாக இல்லை. கலிபோர்னியாவிலும் ஹவாயிலும் நிரந்தர ஒலி நிலையங்கள் அமைக்கப் போனபோது, திமிங்கலங்களுக்கு ஆபத்து என்று பெரிய எதிர்ப்பு கிளம்பியது. வழக்கும் விசாரணையும் வருடக்கணக்கில் இழுத்தன. கடைசியில் திமிங்கல ஆய்வையே திட்டத்தின் முதல் பகுதியாக வைத்துத்தான் அனுமதி கிடைத்தது. பெரிய பாதிப்பு எதுவும் தென்படவில்லை. முதலிலேயே உயிரியல் ஆட்களை அழைத்துப் பேசியிருந்தால் இந்தச் சண்டையில் பாதி வந்திருக்காது என்று நினைக்கிறேன். அலையிடம் கேள்வி கேட்கத் தெரிந்தவர், கரையில் இருப்பவர்களிடம் கேட்கத் தாமதித்துவிட்டார்.

ஹேர்ட் தீவுப் பரிசோதனை பத்து நாள் நடக்க வேண்டியது. பாதிதான் நடந்தது. சூறைக்காற்று வந்து, கப்பல் துள்ளித் துள்ளி, அடியில் தொங்கவிட்டிருந்த ஒலிக்கருவிகள் ஒவ்வொன்றாக உடைந்தன. உடைத்தது எந்தக் கடல் என்பதைக் கவனியுங்கள். முப்பத்தைந்து வருடம் முன்பு குவாதலூப் தீவின் அடியில் ஒரு மில்லிமீட்டர் அலையாக வந்து அவருக்குப் புதிர் போட்டதும் தென் இந்தியப் பெருங்கடல்தான். ஹேர்ட் தீவிலிருந்து லா ஹோயா சுமார் 17,700 கிலோமீட்டர். ஒலிக்கு மூன்றேகால் மணி நேரம் போதும். அந்தச் சூறையின் 20 விநாடி அலைகளுக்கு, வழியில் எதுவும் மறிக்காவிட்டால், பதின்மூன்று நாள்.